ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி? சந்திரசேகரை வைத்து ஒரு செய்முறை

ஓர் ஆய்வாளரின் பெயரைத் தேடினால் கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எடுத்துக்காட்டிய மேற்கோள்களின் எண்ணிக்கை, இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் எச்-குறியீடு என்று மூன்று எண்கள் முதலில் வந்து நிற்கின்றன. முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும் மாணவரும், பணி நியமனக் குழுவில் அமரும் பேராசிரியரும் பல வேளைகளில் அந்த மூன்று எண்களோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே துறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவரை அறிவதற்கே அவை போதாது. துறை விட்டுத் துறை சென்றவரை அவை பெரிதும் தவறாகக் காட்டும். அந்த எண்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு எக்செல் போன்ற ஒரு விரிதாளும், இணைய இணைப்பும், ஒரு முழுப் பிற்பகலும் போதும். கணிதப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

எடுத்துக்காட்டாகச் சுப்பிரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்கிறேன். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1937 முதல் 1995இல் மறையும் வரை சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்து, 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கவியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம், பாய்மங்களின் நிலைத்தன்மை, சுழலும் பாய்மத் திரள்களின் வடிவம், கருந்துளைகளின் கணிதம் என ஒவ்வொரு பொருளிலும் சில ஆண்டுகள் மூழ்கி, கட்டுரைகளை எழுதி, இறுதியில் ஒரு பெரிய நூலாகத் தொகுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வது அவருடைய வழக்கம். துறைவாரியாகப் பிரித்துப் பழகுவதற்கு இவரைவிடப் பொருத்தமான ஒருவரை நான் அறியேன்.

முதற்படி: பெயரை உறுதிசெய்தல்

கணக்குத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆய்விதழ்களில் 'எஸ். சந்திரசேகர்' என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் நம் வானியலாளர். மற்றவர் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன திரவப் படிகங்களைச் சக ஆய்வாளர்களுடன் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இருவரும் இயற்பியலாளர்கள், இருவருமே சர் சி. வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால், கருந்துளைகளை ஆராய்ந்தவரின் கணக்கில் திரவப் படிகக் கட்டுரைகளும் வந்து சேரும்.

நம் பெயரிடும் முறையும் இந்தச் சிக்கலை வளர்க்கிறது. சுப்பிரமணியன் என்பது தந்தையின் பெயர். சந்திரசேகர் என்பதே அவருடைய பெயர். மேலைநாட்டுத் தரவுத்தளங்களோ பின்னால் நிற்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. இன்றைய தமிழ் ஆய்வாளர் ஒருவர் தந்தை பெயரை ஒரு கட்டுரையில் முதலெழுத்தாகவும், இன்னொன்றில் முழுமையாக விரித்தும், கடவுச்சீட்டின்படி வேறொரு வரிசையிலும் எழுதியிருந்தால், அவர் தரவுத்தளத்தில் மூன்று வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்து கிடப்பார். இதற்காகவே 2012 முதல் ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் வழங்கப்படுகிறது. நீங்கள் ஆராயும் நபருக்கு அந்த எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சந்திரசேகரைப் போல அதற்கு முற்பட்டவராயின், ஒவ்வொரு கட்டுரையின் ஆண்டையும், ஆசிரியர் சார்ந்த நிறுவனத்தையும், ஆய்விதழையும் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும். சிகாகோ என்றோ, அன்று அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்த யெர்க்ஸ் வானாய்வகம் என்றோ இருந்தால் இவர். பெங்களூர் என்றிருந்தால் மற்றவர்.

இரண்டாம் படி: பட்டியலைத் திரட்டுதல்

விரிதாளில் ஆண்டு, தலைப்பு, ஆய்விதழ், இணை ஆசிரியர்கள், மேற்கோள் எண்ணிக்கை, துறை என ஆறு பத்திகளை அமைத்துக்கொள்ளுங்கள். தரவை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. 2004இல் தொடங்கிய கூகுள் ஸ்காலர் என்னும் ஆய்வுத் தேடல்தளம் நூல்களையும் ஆய்வேடுகளையும், இதழில் வரும் முன்பே இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளையும்கூடக் கணக்கில் சேர்ப்பதால் அதன் எண்கள் பெரிதாக இருக்கும். ஒரே கட்டுரை இரண்டு முறை வருவதும் உண்டு. 2022இல் வெளிவந்த ஓப்பன்அலெக்ஸ் என்னும் தரவுத்தளம் கட்டணமற்றது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பொருட்பிரிவையும் அது தருகிறது. வானியலுக்கு நாசாவின் ஏ.டி.எஸ். என்னும் கட்டுரைத் தரவுத்தளத்தை மிஞ்ச ஒன்றுமில்லை, அதுவும் கட்டணமற்றது.

ஸ்கோபஸ் கட்டணத் தளம். அதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும்: கட்டுரைகளின் இறுதியில் உள்ள சான்றுப் பட்டியல்களை அது முறையாகச் சேர்த்திருப்பது 1970க்குப் பிற்பட்ட வெளியீடுகளுக்கே. ஆகவே 1931இல் வந்த ஒரு கட்டுரையை 1950களில் மேற்கோள் காட்டியவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள். எந்தத் தளத்தை எடுத்தாலும் ஒரே பத்தியில் இரண்டு தளங்களின் எண்களைக் கலக்காதீர்கள். கலந்தால் பிறகு எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

மூன்றாம் படி: துறைவாரியாகப் பிரித்தல்

துறை என்னும் பத்தியை இயந்திரத்திடம் விட்டுவிடாமல், அதிகம் மேற்கோள் பெற்ற முதல் இருபது கட்டுரைகளுக்காவது தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து நீங்களே நிரப்புங்கள். எழுதப்பட்ட துறை ஒன்றாகவும் பயன்பட்ட துறை வேறாகவும் இருக்கும் கட்டுரைகள் இங்கேதான் கண்ணில் படும். இயற்பியலிலும் வானியலிலும் எழும் தற்போக்கு (தற்செயலாக அமையும்) நிகழ்வுகளைப் பற்றி 1943இல் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் சந்திரசேகர் எழுதிய 89 பக்கக் கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் அங்குமிங்கும் அலைக்கழிக்கப்படுவதையும், நீரில் மிதக்கும் துகளின் பிரௌனியன் இயக்கத்தையும் ஒரே கணிதத்தால் அவர் விளக்கியதால், வானியலைத் தொட்டே பார்க்காத கூழ்ம வேதியியலாளர்களும் உயிரியற்பியலாளர்களும் இன்றுவரை அதை எடுத்தாள்கிறார்கள். எனவே இத்தகைய கட்டுரைக்கு 'எழுதிய துறை', 'எடுத்தாளும் துறை' என இரண்டு பத்திகள் வேண்டும். ஏ.டி.எஸ். தளத்தில் ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைத் திறந்து, எந்த இதழ்களிலிருந்து அவை வருகின்றன என்று பார்த்தால் இரண்டாம் பத்தியை நிரப்பிவிடலாம்.

நான்காம் படி: கூட்டாளிகளை அறிதல்

இணை ஆசிரியர் பெயர்களைத் தனியே எடுத்து, ஒவ்வொருவருடனும் எத்தனை கட்டுரைகள், எந்த ஆண்டுகளில் என்று எழுதுங்கள். 1940களின் தொடக்கத்தில் ஜான் வான் நியூமன், 1953இல் என்ரிக்கோ ஃபெர்மி, 1960களில் நார்மன் லெபோவிட்ஸ் என்று வரிசை மாறுவதைப் பார்த்தாலே சந்திரசேகரின் பொருள் மாறிய காலங்கள் புலப்படும். விண்மீன்களின் ஈர்ப்புப் புலம் பற்றிய புள்ளியியலை வான் நியூமனுடனும், விண்மீன் மண்டலக் கரங்களின் காந்தப் புலத்தை ஃபெர்மியுடனும், சுழலும் பாய்மத் திரள்களை லெபோவிட்ஸுடனும் அவர் ஆராய்ந்தார்.

பெயர்களின் வரிசையை வைத்து யார் முதன்மையானவர் என்று முடிவுகட்டும் முன், அந்தத் துறையின் வழக்கத்தை அறிய வேண்டும். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசையே. உயிரியலில் முதற்பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. துகள் இயற்பியலிலோ 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி இரண்டு பெரிய குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட கட்டுரை ஒன்று கிடைத்த இளைஞரின் எண்ணையும், தனியாக எழுதும் கணிதவியலாளரின் எண்ணையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது.

ஆசிரியர் பட்டியலோடு நிற்காமல் நன்றியுரைகளையும் அடிக்குறிப்புகளையும் படிக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். டோனா எல்பர்ட் என்ற பெண் 1948 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சந்திரசேகருக்காகக் கடினமான எண் கணிப்புகளைச் செய்தார். சில கட்டுரைகளில் அவர் இணை ஆசிரியர். வேறு இடங்களில் அவருடைய பங்கு குறிப்புகளில் மட்டுமே தெரிகிறது. பாய்மவியலாளர்கள் 2022இல்தான் ஒரு முடிவுக்கு 'எல்பர்ட் வீச்சு' என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். மேற்கோள் கணக்கு இத்தகைய உழைப்பைத் தானாக நமக்குக் காட்டாது.

ஐந்தாம் படி: எச்-குறியீட்டைக் கையால் கணித்தல்

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்த அளவு மிக எளியது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். எடுத்துக்காட்டாக 90, 40, 12, 6, 5, 3, 1 என்று வந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள்கள் உண்டு; ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே குறியீடு 5. அந்த 90 என்பது 9,000 ஆக இருந்தாலும் விடை 5தான். நூறாண்டு பேசப்படும் ஒரே கட்டுரையும் ஓரளவு பேசப்படும் ஒரு கட்டுரையும் இந்த அளவில் சமமாகிவிடுகின்றன. துறைவாரியாகப் பிரித்த பட்டியலில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே கணித்துப் பார்த்தால், உழைப்பு எங்கே பரந்திருக்கிறது, எங்கே ஓரிரு கட்டுரைகளில் குவிந்திருக்கிறது என்று தெரியும்.

ஆறாம் படி: துறையின் வழக்கத்தோடு ஒப்பிடுதல்

ஒரு கட்டுரைக்கு 20 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டில் அதே துறையில் வந்த கட்டுரைகளின் சராசரி 5 என்றால் அதன் மதிப்பு 4. சராசரி 40 என்றால் அரை. 1க்கு மேல் இருந்தால் சராசரியைவிட அதிகம் என்று பொருள். ஆனால் மிகச் சில கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும்பங்கை அள்ளிக்கொள்வதால் சராசரி எளிதில் ஏமாற்றும். 'அந்த ஆண்டின் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருகிறதா' என்று கேட்பதையே நான் விரும்புகிறேன்.

ஏழாம் படி: மேற்கோள் வாக்கியத்தைப் படித்தல்

இறுதியாக, முக்கியமான ஒரு கட்டுரையை எடுத்தாண்ட பத்துக் கட்டுரைகளையாவது திறந்து, அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறை பற்றிச் சந்திரசேகர் 1931இல் வெளியிட்ட கட்டுரை இரண்டே பக்கம். 'சந்திரசேகர் எல்லை' என்று உலகம் சொல்லும்போது சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற மதிப்பையே கருதுகிறது. அந்த இரண்டு பக்கங்களில் இருப்பதோ 0.91. விண்மீனில் உள்ள பொருளின் சராசரி மூலக்கூறு எடையை அன்று வேறாகக் கொண்டதால் வந்த எண் அது. 1.4 என்ற மதிப்புக்கு 1931 கட்டுரையைச் சான்று காட்டுகிறவர் அதைத் திறந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் கணக்கில் அது ஒரு முழு மேற்கோள். மறுபக்கம், எல்லையின் பெயரை மட்டும் எழுதிக் கட்டுரையைக் குறிக்காமல் செல்பவர்கள் ஏராளம். பெயரே பொதுச்சொல்லாகிவிட்டதால் அந்தத் தாக்கம் எந்தத் தளத்தின் எண்ணிக்கையிலும் இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு விரிதாளில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தளத்தின் பெயரையும் தரவை எடுத்த நாளையும் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் திறந்து பார்க்கும்போது எண்கள் மாறியிருக்கும்.