குச்சியாகவே வளர்ந்த செம்பருத்தி கிளை விட்டது எப்படி

தொட்டியில் இருந்த செம்பருத்தி ஒற்றைக் குச்சியாக மேலேயே போய்க்கொண்டிருந்தது. உரம் போட்டால் உயரம்தான் கூடியது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை விலக்கிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு கடுகளவு பச்சை மொட்டு உறங்கிக்கொண்டிருந்தது. கிளைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. தடுத்து வைத்தது நுனி.

தண்டின் நுனியிலுள்ள ஆக்குத்திசு ஓயாமல் புதுச் செல்களை உண்டாக்கும். அங்குள்ள இளம் இலைகளில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினை வைத்தால் மொட்டுகள் விழிப்பதில்லை என்று 1930-களிலேயே தாவர ஆய்வாளர்கள் தீமனும் ஸ்கூக்கும் காட்டிவிட்டார்கள். எவ்வளவு எளிய, அழகான சோதனை!

ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சுத்தமான கத்தரியால் நுனியை வெட்டினேன். வெட்டுக்கு அருகிலிருந்த மொட்டுகள்தான் முதலில் உப்பின. புதுக் கிளைகள் நாலைந்து இலை விட்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளினேன். செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும். இப்போது கிளைக்குக் கிளை பூ மொட்டு.

தென்னையிடம் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அதற்கு இருப்பது ஒரே குருத்து; அது போனால் மரமே போய்விடும்.