கால் சென்டர் வேலை: கையெழுத்துப் போடும் முன்பும் பின்பும் செய்யும் தவறுகள்

பேச்சு சரளமாக இருந்தால் போதும், என்ன படித்திருந்தாலும் கால் சென்டரில் வேலை கிடைத்துவிடும். கையில் சம்பளம், கூடவே ஆங்கிலமும் தேறும். நல்ல தொடக்கம்தான். பலருக்கு அது கசந்துபோவது, இன்டர்வியூவில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதால்.

'கஸ்டமர் சப்போர்ட்' என்ற பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். வருகிற போன் காலை எடுக்கும் இன்பவுண்டா, நாமே கூப்பிட்டு லோனும் கிரெடிட் கார்டும் விற்கும் அவுட்பவுண்டா? அவுட்பவுண்ட் என்றால் டார்கெட் துரத்தும். அப்புறம், எந்த நாட்டு பிராசஸ், அதாவது எந்த நாட்டு வாடிக்கையாளர்களுக்கான வேலை? நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் உங்கள் ஷிப்டும் நகரும். பிரிட்டன் பிராசஸ் என்றால் பெரும்பாலும் நள்ளிரவுக்குள் வீடு வந்துவிடலாம். சென்னை ஓஎம்ஆரிலிருந்து ஆவடி வரை கம்பெனி கார் (கேப்) விடுவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சேர்ந்த பிறகு பெரிய தவறு, ஏஎச்டியைக் குறைக்க அவசரப்படுவது. ஒரு காலுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்ற கணக்கு அது. அரைகுறையாகப் பதில் சொல்லி வைத்தால் அதே ஆள் மறுபடி கூப்பிடுவார், இந்த முறை கொதிப்போடு. "மூணாவது தடவை கூப்பிடுறேன்" என்பவரிடம் பெயர், நம்பர் என்று முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பழைய குறிப்பைப் படித்துவிட்டு, "திங்கட்கிழமை ரீஃபண்ட் வந்துடும்னு சொல்லியிருக்காங்க, இன்னும் வரலையா சார்?" என்று கேளுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கும், நேரமும் மிச்சம். அவர் திட்டுவது கம்பெனியை, உங்களை அல்ல. (மியூட் போட்டாயிற்று என்று நம்பிப் பதிலுக்குத் திட்டிவிடாதீர்கள். கால் ரெக்கார்ட் ஆகிறது.)

நைட் ஷிப்டில் இருப்பவர்கள் வார விடுமுறையில் மட்டும் பகல் முழுக்க விழித்திருந்து இரவில் தூங்குகிறார்கள். திங்கட்கிழமை உடம்பு படுத்திவிடும்.

கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துவிடுவது இன்னொரு தவறு. 5 ஆண்டு தொடர் சேவைக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. 10 ஆண்டு சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உங்கள் பி.எஃப். எண்ணான யுஏஎன் ஒன்றுதான், பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சம்பளம் பேங்க் கணக்கில் ஏறிய மறுநாளே போனை அணைத்துவிட்டு நின்றுவிடுபவர்களும் உண்டு. முறைப்படி விலகியதற்கான ரிலீவிங் லெட்டரை அடுத்த கம்பெனி கேட்கும்போது முழிப்பார்கள். நோட்டீஸ் கொடுத்து, லெட்டரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.