படத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்புவது எப்படி?

பத்திரிகை அட்டையின் இடது மூலையில் ஒரு மயில். வலது மூலையிலும் அதே மயில் வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் உள்ள ரொட்டேஷனைத் தொட்டால் அட்டை முழுவதுமே திரும்பிவிடும். அங்கே போகாதீர்கள்.

லாசோ டூலால் மயிலைச் சுற்றி வரைந்து, கண்ட்ரோல் + ஜே அழுத்துங்கள். மயில் மட்டும் தனி லேயருக்கு (படத்தின் மேல் வைத்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) வந்துவிடும். அப்புறம் கண்ட்ரோல் + டி; மயிலைச் சுற்றி ஒரு கட்டம் வரும். ரைட் கிளிக் செய்து 'ஃப்ளிப் ஹாரிசான்டல்' கொடுத்து, வலது மூலைக்கு இழுத்துவிட்டு என்டர் தட்டினால் வேலை முடிந்தது.

சாய்க்கவும் வேண்டுமா? என்டர் தட்டுவதற்கு முன்பே கட்டத்தின் மூலைக்குச் சற்று வெளியே பிடித்துச் சுழற்றுங்கள். ஷிஃப்டையும் அழுத்தினால் 15 டிகிரி, 15 டிகிரியாக நகரும். கொஞ்சம் திருப்பி என்டர், மறுபடி கொஞ்சம் திருப்பி என்டர் என்று செய்தால் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பவர் என்றால் (நான் அந்த ரகம்) லேயரை முதலிலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (எத்தனை முறை திருப்பினாலும் மூலப் படத்தைக் கெடாமல் வைத்திருக்கும் லேயர்) ஆக்கிவிடுங்கள்.

கோலம் மாதிரி 8 இதழ் பூ வேண்டுமென்றால் இன்னும் சுலபம். தனி லேயரில் ஒரே ஓர் இதழ் வரைந்து, கண்ட்ரோல் + ஆல்ட் + டி; இது இதழை நகலெடுத்துத் திருப்பும். ஆல்ட்டை அழுத்தியபடி இதழின் அடியில் கிளிக் செய்தால் சுழலும் மையம் அங்கே வந்துவிடும். மேலே கோணத்தில் 45 கொடுத்து என்டர். பிறகு அதையே திரும்பச் செய்ய கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆல்ட் + டி, 6 முறை.

ஆட்கள் இருக்கும் படத்தை ஃப்ளிப் செய்யும்போது மட்டும் கவனம். சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், முந்தானை தோள் மாறிவிடும்.