தலைமன்னார் மணல் தீடைகளுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு வந்த கையோடு தலைமன்னார் பியருக்கும் போய், "ஒரு வள்ளம் பிடிச்சுத் தீடையையும் (கடலுக்குள் இருக்கும் மணல் திட்டு) பார்த்திட்டு வருவம்" என்று கிளம்புவதுதான் முதல் தவறு. எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அங்கே ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

ஆலா சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதற்குள் முட்டை. அதுவும் மணல் நிறம், மேலே கரும்புள்ளிகள். காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. மிதிபடுவது மட்டுமல்ல ஆபத்து. வெறுங்காலோடு நிற்க ஏலாத அந்த மத்தியான மணலில், தாய்ப்பறவை முட்டைமேல் இருப்பது நிழல் கொடுக்கத்தான். நாங்கள் கிட்டப் போனதும் கூட்டம் முழுதும் எழும்பிக் கத்தியபடி தலைக்கு மேலே சுற்றும். நல்ல காட்சி என்று பலர் நின்று படம் எடுக்கிறார்கள். அவ்வளவு நேரமும் முட்டை வெயிலில் வேகிறது, இறகு முளைக்காத குஞ்சும் அப்படித்தான். ஆலா தலைக்கு மேல் கத்தினால் உடனே வந்த தடத்திலேயே திரும்புங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

வள்ளக்காரர் சம்மதித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எல்லைக் கடல் என்பதால் கடற்படையிடமும் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு கட்டத்துக்கு அப்பால் உள்ள தீடைகள் இந்தியாவுக்குரியவை. சோழகம் என்ற தென்மேல் காற்று வீசும் நாளில் படகோட்டி "இண்டைக்கு வேண்டாம்" என்றால் வற்புறுத்தக் கூடாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அது அவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டுப் பார்சலின் மிச்சத்தை அங்கே கொட்டாதீர்கள். சோற்றுக்கு வரும் காகம் முட்டையையும் விடாது.

பறவை பார்ப்பதுதான் ஆசை என்றால் மாரியில் வங்காலைச் சரணாலயத்துக்குப் போங்கள். 2010இல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மன்னார்த் தீவுக்குக் கடலூடாகப் போகும் தாம்போதிப் பக்கம் வாகனத்தில் இருந்தபடியே பூநாரைகளைத் தொலைநோக்கியால் பார்க்கலாம். பறக்கிற படம் வேண்டுமென்று ஹோன் அடிப்பதும் கல்லெறிவதும் அங்கே நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நெடுந்தூரம் பறந்து களைத்து வந்தவை அவை, சேற்றில் இரை தேடித் தின்றுகொண்டிருக்கின்றன.