வீழும் காலத்து அரசனைக் கல்வெட்டில் படிப்பது எப்படி? மூன்றாம் ராஜராஜனை வைத்துப் பழகலாம்

ராஜராஜன் என்றதும் எல்லோரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். அதே பெயரில் 1216-இல் பட்டத்துக்கு வந்து, சுமார் நாற்பது வருடம் சக்கரவர்த்தியாக இருந்து, நடுவில் சிறைக்கும் போய்வந்த மூன்றாம் ராஜராஜனைச் சீந்த ஆளில்லை. கல்வெட்டு படிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் இவனைத்தான் கைகாட்டுவேன். செழிப்பில் இருக்கும் அரசனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு) வெற்றிப் பட்டியல்தான் இருக்கும், இவன் காலத்துக் கல்வெட்டுகளிலோ வரிக்கு வரி நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஆள் யாரென்று உறுதி செய்யுங்கள். ‘திரிபுவனச் சக்கரவர்த்தி ஸ்ரீராஜராஜ தேவர்’ என்றிருந்தால் அது 1146-இல் வந்த இரண்டாம் ராஜராஜனாகவும் இருக்கலாம். சோழர்கள் மாறிமாறி வைத்துக்கொண்ட இரண்டு பட்டங்களில், கூடவே பரகேசரி என்று வந்தால் அவன், ராஜகேசரி என்று வந்தால் நம் ஆள். இரண்டும் இல்லையா, ஆட்சியாண்டு முப்பதைத் தாண்டுகிறதா, உள்ளே எந்தச் சிற்றரசன் பெயர் வருகிறது என்று தேடித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் கணக்கு. 1216-உடன் ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய சரியான வருடம் கிடைக்கும். ‘15-ஆவதின் எதிராமாண்டு’ என்று வந்தால் அது 15 இல்லை, 16. நான் இதைக் கவனிக்காமல் ஒரு நோட்டு முழுக்க வருடத்தைத் தப்பாகப் போட்டு, பிறகு உட்கார்ந்து அடித்து எழுதினேன்.

சரி, இப்போது கடலூருக்குப் பக்கத்தில் உள்ள திருவஹீந்திரபுரம் கோயில் கல்வெட்டுக்கு வாருங்கள். காடவச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்துவைத்துக்கொண்டு நாட்டையும் கோயில்களையும் அழிக்கிறான் என்று கேள்விப்பட்ட போசள (ஹொய்சள) அரசன் வீர நரசிம்மன், ‘சோழமண்டலப் பிரதிஷ்டாசாரியன்’ (சோழ நாட்டை நிலைநிறுத்தியவன்) என்ற பெயரை நிலைநாட்டாமல் எக்காளம் ஊதுவதில்லை என்று சொல்லித் தன் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான், அவன் அனுப்பிய அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தளபதிகளும் எள்ளேரி முதலான ஊர்களை அழித்துக்கொண்டே போய்ச் சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும்போது கோப்பெருஞ்சிங்கன் பயந்து இறங்கிவருகிறான். பிறகு சோழனை விடுவித்து, கூடவே போய், அவன் நாட்டுக்குள் புகவிடுகிறார்கள். இவ்வளவு கதையிலும் சோழன் தானாகச் செய்தது என்ன என்று வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிடித்தார்கள், விடுவித்தார்கள், புகவிட்டார்கள். அவனுக்கென்று ஒரு வினைகூட இல்லை.

ஆனால் மேலே போய் முதல் வரியைப் பாருங்கள். இத்தனையையும் வெட்டிவைத்த போசளத் தளபதிகள் தங்கள் அரசனின் ஆண்டைப் போடவில்லை, சிறையிலிருந்து வந்த ராஜராஜனின் ஆண்டை, மேலே கணக்குப் போட்ட அந்தப் பதினாறாம் ஆண்டைத்தான் போட்டிருக்கிறார்கள். அதாவது 1231 வாக்கில், படை இல்லாதவனின் பெயர் காலத்தைக் கணக்கிட மட்டும் செல்லுபடியாகிறது. வீழ்ச்சி என்ற சொல்லை எழுதுவதற்கு முன் இந்த வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு தரப்போடு நிறுத்தாதீர்கள். வயலூர்க் கல்வெட்டு கோப்பெருஞ்சிங்கன் பக்கத்துக் கதை, அதில் தெள்ளாற்றில் சோழனை வென்று சிறைப்பிடித்தது பெருமையான சாதனை. நடந்தது ஒன்று, பாட்டு இரண்டு.

அக்கம்பக்கத்தார் பட்டங்களையும் பாருங்கள். மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்து, கழுதை ஏர் பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்ததாக மெய்க்கீர்த்தியில் பெருமை பேசுகிறான், பட்டினப்பாலை பாடிய புலவனுக்குச் சோழன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்ததாகத் திருவெள்ளறைப் பாட்டு ஒன்று சொல்கிறது (எரித்தவனுக்கும் இலக்கிய ரசனை!). அவனுக்குச் ‘சோணாடு வழங்கியருளிய’ என்று ஒரு பட்டம் உண்டு. யாருக்கு வழங்கினான்? சோழனுக்கேதான். முடியே திருப்பித் தரப்பட்டது என்பதை அந்த ஒரு சொல்லில் பிடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு வரைபடம் போடுங்கள். கல்வெட்டு உள்ள ஊருக்கு ஒரு புள்ளி, யாருடைய ஆண்டில் எழுதப்பட்டதோ அவருக்கு ஒரு நிறம். 1243-இலிருந்து கோப்பெருஞ்சிங்கன் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்று தன் ஆண்டையே எண்ணத் தொடங்குவதால் வடக்கே நிறம் மாறும். 1246 முதல் அடுத்த சோழனான மூன்றாம் ராஜேந்திரனின் ஆண்டும் வரும், ராஜராஜனின் ஆண்டும் இன்னும் பத்து வருடம் போல ஓடும், அதைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள், இருவருமே அப்போது அரசர்கள்தான். 1279-க்குப் பிறகு சோழன் நிறத்தில் வைக்கப் புள்ளி கிடைக்காது.