வீட்டிலேயே குதிரைப் பாடம்: சாக்பீஸ், கொட்டாங்குச்சி, கொஞ்சம் களிமண்

வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் பெற்றோர் பலர், குதிரை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஒரு சுற்று சவாரி ஏற்றிவிடுகிறார்கள். ஒரு போட்டோ எடுத்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. சவாரியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். குதிரை, ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்கிற விலங்கு. அதன் கண், காது, கால் எல்லாம் அதற்காகவே அமைந்தவை. இது பிள்ளைக்குப் பிடிபட்ட பிறகு குதிரை முன்னால் போய் நின்றால், எங்கே நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சரியாக வரும். சாக்பீஸ், அளவு நாடா, இரண்டு கொட்டாங்குச்சி, களிமண், ஒரு நோட்டு இருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு படி மட்டும் செய்யுங்கள்.

படி 1: உயரம்

குதிரையின் உயரத்தைத் தலை வரை அளப்பதில்லை. கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஒரு மேடு இருக்கும், அதுவரைதான் கணக்கு. அளவுக்குப் பெயர் 'கை'. ஒரு கை என்பது 4 அங்குலம். சுவரில் 147 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அது 14 கையும் 2 அங்குலமும். பொதுவாக அதற்குக் கீழே இருந்தால் மட்டக்குதிரை, அதற்கு மேலே குதிரை. இப்போது பிள்ளை தன் உள்ளங்கையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து எண்ணட்டும், அப்புறம் நீங்கள் எண்ணுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகாது. அளவை 4 அங்குலம் என்று ஏன் நிலையாக வைத்தார்கள் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

படி 2: குதிரைக் கண்

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது. மொட்டை மாடியில் பெரிய வட்டம் போட்டு, நடுவில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். அதுதான் குதிரை. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி வரை அதற்குத் தெரியும். தெரியாதவை இரண்டு இடங்கள்: நேர் பின்னால் ஒரு சின்னத் துண்டு, மூக்குக்கு நேர் முன்னால் ஒரு துண்டு. இரண்டையும் சாக்பீஸால் நிரப்புங்கள்.

அடுத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் பின்பக்கத் துண்டு வழியாகச் சத்தமில்லாமல் வந்து தோளைத் தொடட்டும். பிள்ளை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பும். அப்போது சொல்லுங்கள்: "குதிரைக்கும் இப்படித்தான். அது திரும்பிப் பார்க்காது, உதைக்கும்." அடுத்த முறை தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வரச் சொல்லுங்கள். வித்தியாசம் பிள்ளைக்கே புரியும்.

படி 3: குளம்பொலி

கொட்டாங்குச்சியைத் தரையில் தட்டி ஓசை எழுப்புங்கள். நான்கு காலும் ஒரு தடவை தரையில் படுவதற்குள் நடையில் நான்கு தட்டு, பெருநடையில் இரண்டு, மிதமான ஓட்டத்தில் மூன்று, முழுப் பாய்ச்சலில் மறுபடி நான்கு, ஆனால் மின்னல் வேகத்தில். பாய்ச்சலின்போது நான்கு காலும் தரையை விட்டு எழும்புகிறதா என்று ஒரு காலத்தில் பெரிய வாதமே நடந்தது. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்து, எழும்புகிறது என்று காட்டினார். அந்தக் கணத்தில் கால்கள் நீட்டியிருக்காது, வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும்.

தெருவில் மாட்டுக் குளம்படி கிடைத்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள். அது இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அதாவது ஒவ்வொரு காலிலும் ஒரே விரல் நுனியில்தான் அது நிற்கிறது. பிள்ளையை நுனிக்காலில் ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். 11 மாதம் வயிற்றில் இருந்து பிறக்கும் குட்டி, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே எழுந்து நின்றுவிடும்.

படி 4: தீனி

20 லிட்டர் வாட்டர் கேனைக் காட்டி, குதிரை ஒரு நாளைக்கு இதில் ஒன்றரை, இரண்டு கேன் குடிக்கும் என்று சொல்லுங்கள். அதற்கு இரைப்பை சின்னது. மாடு போல அசைபோடாது, வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் பிஸ்கட், பரோட்டா என்று கண்டதைக் கொடுக்கக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்து இறங்கிய குதிரைகள் சரியான கவனிப்பு இல்லாமல் செத்துப்போவதை எழுதி வைத்திருக்கிறார். வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாக ஏறும்.

படி 5: ஐயனார் குதிரை

உங்கள் ஊர்ப் பக்கம் ஐயனார் கோயில் இருந்தால் நோட்டோடு போங்கள். பல ஊர்களில் இப்போது சிமெண்டுக் குதிரைதான். மண் குதிரை நிற்கிற கோயிலாகத் தேடிப் போவது நல்லது. புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. மண் குதிரையின் கால் தூண் மாதிரி தடிமனாக இருக்கும், உள்ளே கூடு. கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும்.

வீட்டில் செய்யும்போது களிமண்ணைப் பென்சிலைச் சுற்றி உருட்டி, பென்சிலை உருவுங்கள், குழாய்க் கால் தயார். உடம்போடு ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஊக்கால் கீறி, நீர்த்த களிமண் தடவி அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் காய்ந்ததும் கால் கழன்றுவிடும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

படி 6: நிஜக் குதிரை

வெயில் தணிந்த பிறகு போங்கள். குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். காது முன்னால் திரும்பியிருந்தால் அது கவனிக்கிறது. பின்னால் ஒட்டிப் படுத்திருந்தால் கோபம், உடனே விலகிவிடுங்கள். அவர் சரி என்றால் நீளவாக்கில் நறுக்கிய கேரட்டை, விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டலாம்.

முதுகில் புண் இருந்தாலோ விலா எலும்பு தெரிந்தாலோ அந்தக் குதிரையில் பிள்ளையை ஏற்றவே வேண்டாம். ஏன் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் ஆரோவில் பக்கம் குதிரையேற்றம் சொல்லித் தருகிறார்கள். சேர்க்கும் முன் பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் இருக்கிறதா, முதல் வகுப்பில் குதிரையைத் தேய்த்துவிடவும் கற்றுத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.