மீன் வாடை காட்டிக்கொடுத்த கோளாறு

என்னுடையது 1991இல் தயாரான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 700க்கும் 1500க்கும் இடையே ஏறி இறங்கும். சில நாள் அப்படியே அணைந்துவிடும். சூடானபின் ஒன்றும் இருக்காது.

கார் நிற்கும்போது எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் ஐடில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் மாற்றினேன். வேக்கம் குழாய்கள் விறைத்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். இந்த வயதுக் காருக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். கோளாறு போகவில்லை. நான்கு வார இறுதிகள் வீண்.

அப்புறம் ஈசியுவின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கனெக்டரைப் பார்க்கக் கார்பெட்டை விலக்கினேன். லேசாக மீன் வாடை. பெட்டியைத் திறந்ததும் அது அதிகமானது. உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கும், திரவம் கொண்ட சிறு உருளைகளான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் பழசாகிக் கசிந்தால் இப்படி வாடை வரும். மேலிருந்து பார்த்தால் எதுவும் உப்பியிருக்கவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் ஒன்றின் அடியில் சர்க்யூட் போர்டு மங்கி, கால் பக்கத்துச் செம்புத் தடம் பச்சை பூத்திருந்தது தெரிந்தது.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு (பிளஸ், மைனஸ் மாறக்கூடாது), எல்லா எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் கழற்றினேன். கசிவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். விட்டுவைத்தால் அது மேலும் அரிக்கும். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பியை சால்டர் செய்தேன். புதியவை அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் தரம். சென்சாருக்கு ஆன செலவில் சிறு பங்குகூட ஆகவில்லை.

மூன்று வாரமாகக் காலையில் ஒரே ஸ்டார்ட். நிம்மதி.